திறந்த வாசலும் நம் தோட்டமும்



சர்வதேச வியாபாரப் போட்டிக்கு ஒரு தேசம் எங்ஙனம் ஈடுகொடுக்கின்றது என்பதே நாம் எடுத்துக்கொண்ட விஷயம். எதை மலிவாகச் செய்ய வல்லோமோ அதைச் செய்து, மற்றதைப் பிறரிடம் வாங்குக என்று பாடப்புத்தகம் சொல்லும். கற்பிட்டி மணலில் கிணறு தோண்டி வெங்காயமும் மிளகாயும் வைத்தவனுடைய பயிர் அந்த 'மற்றதில்' சேர்ந்துவிட்டால் அவன் என் செய்வான்?

1970 முதல் 1977 வரை, அந்நியச் செலாவணி நெருக்கடியால் இவ்விரண்டின் இறக்குமதியும் பெரிதும் தடுக்கப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் நல்ல விலை கண்டனர். படித்த வாலிபர் விசுவமடு, முத்தையன்கட்டுக் குடியேற்றங்களில் மண்வெட்டி பிடித்தனர். அதே காலத்தில் பாணுக்காக வரிசையில் நின்றதையும் பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். 1977இல் ஜே. ஆர். ஜயவர்த்தன அரசாங்கம் வாசலைத் திறந்தது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்து குவியவே, தோட்டக்காரன் தலையில் இடி விழுந்தது.

அதே வாசல் வழியாகத்தான் ஆடைத் தொழிற்சாலைகளும் வந்தன. செல்வந்த நாடுகள் வகுத்த பங்கீட்டு முறை அவற்றுக்கு ஒரு நிழலாயிருந்தது. அந்நிழல் 2004ஆம் ஆண்டு முடிவில் நீங்கியபோது, எல்லாம் சீனாவுக்குப் போய்விடும் என்று பலர் அஞ்சினர். சிறிய ஆலைகள் சில மூடப்பட்டது மெய். பெரியவை உள்ளாடை போன்ற நுட்பமான, விலை கூடிய வேலைக்கு மாறித் தப்பின. இன்றும் நம் ஏற்றுமதிப் பொருள்களில் ஆடையே முதலிடம் வகிக்கின்றது.

ஆலைக்காரர் அதிக சமர்த்தரோ? நாம் அப்படி எண்ணவில்லை. பங்கீடு 1995 முதல் பத்தாண்டில் படிப்படியாய் ஒழியும் என்று அவர்களுக்கு முன்னரே தெரியும். இயந்திரம் மாற்றவும் ஆள் பழக்கவும் தவணை இருந்தது, முதலும் இருந்தது. தோட்டக்காரனுக்குத் தவணையுமில்லை, முதலுமில்லை.

ஆகவே வாசலை அடைத்துவிடுவோமா? உப்பளம் சூழ்ந்த புத்தளம் இருந்தும், மழை கெடுத்தபடியால் 2025இல் இந்திய உப்பை இறக்க நேர்ந்த நாடு இது!

2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த விசேட வியாபாரப் பண்ட அறவீடு, இறக்குமதி வெங்காயத்தின்மீது ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. அறுவடை நாளில் அது எவ்வளவாயிருக்கும் என்பதை நடுகைக்கு முன்னரே அறிவித்தால், எத்தனை பாத்தியில் வெங்காயம் வைப்பது, எத்தனையில் வேறு பயிர் பார்ப்பது என்று தோட்டக்காரனும் கணக்குப் போடுவான்.