இராவணன் எவ்வளவு கெட்டவன்?

(கூமாப்பட்டிக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், டெலிவிஷனில் நாம் கண்ட இராவணன் உண்மையில் எவ்வளவு கெட்டவன் என்பதாகும். விவசாயம் பார்க்கிற ஊரில் கதை அரக்கனைப் பற்றி விசாரணை எதற்கு என்று சிலர் கேட்கலாம். கெட்டவன் யார் என்று தீர்மானிக்கும் பழக்கத்தை நம் பிள்ளைகள் அந்தப் பெட்டியிடமிருந்துதான் கற்றுக்கொள்ளுகிறார்கள் என்பதே எனது பதில்.

1987-ம் வருஷம் ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை, ஞாயிறுதோறும் காலையில், ராமானந்த் சாகரின் ராமாயணம் தூர்தர்ஷனில் ஓடிற்று. வடநாட்டில் பல இடங்களில் ஜனங்கள் குளித்து முழுகி, பெட்டிக்கு மாலை போட்டு, ஊதுவத்தி கொளுத்தி உட்கார்ந்தார்கள். 2020-ல் ஊரடங்கின் போது அதையே மறுபடியும் காட்டினார்கள். பேச்செல்லாம் இந்தி. நம் பக்கத்தில் எத்தனை பேருக்கு இந்தி தெரியும்? ஆனாலும் ஒரு வார்த்தை புரியாதவர்கூட இவன்தான் கெட்டவன் என்று உடனே கண்டுகொண்டார். எதைக் கொண்டு? மீசை பெரியது, சிரிப்பு இடி முழக்கம், அவன் வரும்போதெல்லாம் வாத்தியம் அலறுகிறது. இவ்வளவுதான் சாட்சியம்!

தோழர்களே! கண்மாய்த் தண்ணீர்த் தகராறு ஒன்று உங்கள் பஞ்சாயத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மடையை உடைத்தவன் யார் என்று விசாரிக்காமல், மீசை பெரியவனுக்கு அபராதம் போடுவீர்களா? போட்டால் ஊர் சிரிக்காதா? ஊர் வழக்குக்கு உள்ள நியாயம் கதை வழக்குக்கும் வேண்டாமா?

ஆகவே செய்கையைப் பார்ப்போம். இராவணன் மீதுள்ள பெரிய குற்றம், இஷ்டமில்லாத பெண்ணைத் தூக்கிச் சென்று சிறை வைத்தது. இது குற்றந்தான். யார் செய்தாலும் குற்றந்தான். "அவன் சீதையைக் கெடுக்கவில்லையே, எவ்வளவு பெருந்தன்மை!" என்று நம்மவரிலேயே சிலர் பரிந்து பேசுவதுண்டு. அதை நான் ஒப்பமாட்டேன். பலாத்காரம் செய்தால் தலை சிதறும் என்ற சாபத்துக்கு அவன் பயந்ததாக வால்மீகி புத்தகமே சொல்லுகிறது. இணங்காவிட்டால் கொன்று காலை உணவாக்குவேன் என்று அவன் மிரட்டியதும் அதிலேயே இருக்கிறது.

ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். வால்மீகி எழுதின இராவணன் சீதையின் கூந்தலைப் பற்றித் தூக்குகிறான். கம்பன் எழுதின இராவணனோ அவளைத் தொடாமல் குடிசையை மண்ணோடு பெயர்த்தெடுக்கிறான். விமலசூரி பிராகிருதத்தில் எழுதின ஜைன ராமாயணத்தில் அவன் அரக்கனே அல்ல. அவன் கழுத்திலிருந்த மணிமாலையில் முகம் ஒன்பதாகப் பிரதிபலித்ததால் பத்துத் தலையன் என்று பெயர் வந்ததாம்! இதிலிருந்து என்ன தெரிகிறது? அவன் எவ்வளவு கெட்டவன் என்பது எழுதுகோல் பிடித்தவன் கையில் இருக்கிறது என்பதல்லவா?

சரி, அதே தராசில் எதிர்க்கட்சியையும் வைப்போம். ஆசையைச் சொன்ன சூர்ப்பனகைக்கு மூக்கும் காதும் அறுபட்டன. வேறொருவனோடு போர் செய்துகொண்டிருந்த வாலி மறைந்து நின்றவன் அம்புக்கு இரையானான். சூத்திரன் தவம் செய்தான் என்பதற்காகச் சம்பூகன் தலை உத்தரகாண்டத்தில் வெட்டப்படுகிறது. சிறையில் வாடிய சீதையோ மீண்டு வந்ததும் தீயில் இறங்கவேண்டியதாயிற்று. இவற்றை இராவணன் செய்திருந்தால் வாத்தியம் அலறியிருக்கும். இராமன் பக்கத்தார் செய்ததால் தர்மம் என்றாகிவிட்டது!

இந்த விசாரணை நம் இயக்கத்துக்குப் புதிதல்ல. பெரியாரின் "இராமாயண பாத்திரங்கள்" 1930-லேயே வந்தது. அண்ணா தமது "நீதிதேவன் மயக்கம்" நாடகத்தில் இராவணனைக் கோர்ட்டிலே நிறுத்தி அவனே வாதாடும்படி செய்தார். புலவர் குழந்தை 1946-ல் இராவண காவியம் வெளியிட்டார். 1948-ல் சர்க்கார் அதைத் தடை செய்தது. 1971 வரை தடை நீங்கவில்லை. ஒரு தரப்பு வாக்குமூலத்தை 23 வருஷம் பூட்டி வைத்துவிட்டு, தீர்ப்பு மட்டும் ஞாயிறுதோறும் படிக்கலாமா?

இதற்காக இராவணனுக்குக் கோவில் கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு பொம்மையை இறக்கி இன்னொரு பொம்மையை ஏற்றுவது பகுத்தறிவாகாது. அது வெறும் வேஷமென்பதற்கு ருசுவும் இருக்கிறது. இராவண வேஷம் போட்ட அரவிந்த் திரிவேதியும், சீதை வேஷம் போட்ட தீபிகாவும் 1991-ல் குஜராத்திலிருந்து ஒரே பாரதிய ஜனதாக் கட்சி சார்பில் பார்லிமெண்டுக்குப் போனார்கள். இராம வேஷம் போட்டவரும் 2024-ல் அதே கட்சியில் நின்று மீரட்டில் ஜெயித்தார். கதையில் ஜென்மப் பகை. ஓட்டுப் பெட்டியில் ஒரே சின்னம்!

தாய்மார்களே! உங்களுக்கு இதில் பெரிய நஷ்டமிருக்கிறது. "சீதையைப் போலிரு" என்று பெண்ணுக்குப் புத்தி சொல்லுகிறவன், சந்தேகப்படும் புருஷனுக்கு முன் தீயில் இறங்கு என்று சேர்த்தே சொல்லுகிறான். கறுத்த முகமும் பெரிய மீசையும் அரக்கனுக்கு அடையாளம் என்று காட்டுகிறவன், வெயிலில் உழைத்துக் கறுத்த உங்கள் பிள்ளையைத் தன் முகத்தையே வெறுக்கக் கற்றுக்கொடுக்கிறான். நிஜத்தில் தீங்கு செய்பவனுக்குப் பத்துத் தலை இருப்பதில்லை. வட்டிக்கு மேல் வட்டி வாங்குகிறவனும், ஜாதி கேட்டுத் தெருவில் தடுக்கிறவனும் ஒரே தலையோடுதான், நல்ல சட்டை போட்டுக்கொண்டு, சிரித்த முகத்தோடு வருகிறான். மீசையையும் வாத்தியத்தையும் பார்த்துப் பழகின கண்ணுக்கு அவன் தெரியமாட்டான்.

ஆகையால் தோழர்களே, கதை பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பாருங்கள். ஆனால் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: இவன் என்ன செய்தான்? யாருக்குச் செய்தான்? அதையே நாம் கும்பிடுகிறவன் செய்தால் என்ன பெயர் வைப்போம்? இம்மூன்றையும் கேட்கத் தெரிந்த பிள்ளையை எந்தப் பெட்டியும், எந்தப் புராணமும் ஏமாற்ற முடியாது என்று கூறி என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.