சொல்லைச் சுமந்த இசை: இளையராஜாவின் திருவாசகம்

 

மார்கழி விடியலில் சிராங்கூன் சாலை வழியே கோயிலுக்குச் செல்வோருக்குத் திருவெம்பாவை புதிதன்று. அஃது இடம்பெற்ற திருவாசகத்தில் 51 பகுதிகள் உள்ளன. அவற்றுள் சிலவற்றைத் தேர்ந்து, ஆறு பாடல்கள் கொண்ட இசைத்தொகுப்பாக 2005ஆம் ஆண்டு இளையராஜா வெளியிட்டார். புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு அதற்கு இசைத்தது.

1986இல் வெளிவந்த அவருடைய ‘ஹவ் டு நேம் இட்’ கருவியிசைத் தொகுப்பு. 2025இல் இலண்டனில் அரங்கேறிய ‘வேலியண்ட்’ சிம்பொனியோ கருவிகளுக்கென்றே எழுதப்பட்டது. இவ்விரண்டிற்கும் இடையே வந்த திருவாசகம் சொல்லை நடுவில் நிறுத்தியது. தனிக்குரல், சேர்ந்திசைக் குழு, பெரும் இசைக்குழு ஆகிய மூன்றும் இணையும் இவ்வடிவம், மேலைநாட்டார் ‘ஆரட்டோரியோ’ என்று வழங்கும் வடிவத்திற்கு நெருக்கமானது.

ஹங்கேரிய இசைஞர்கள் தாளில் எழுதிய சுரக்குறிப்பைப் பார்த்து இசைத்தனர். பாடலின் பொருள் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நம் வகுப்பறைகளிலும் பொருள் அறியாமலே செய்யுளைப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவர் உளர். இசைஞருக்கு அது போதும். மொழியைக் கற்போருக்குப் போதாது.

சிவபுராணப் பாடலில் ஸ்டீபன் ஸ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகளும் ஒலிக்கின்றன. இதனைக் கலப்பென்று சிலர் வருந்தலாம். எனினும், ஆங்கிலத்திற்காக மணிவாசகரின் பழந்தமிழ் எளிமையாக்கப்படவில்லை. அங்கே ஆங்கிலம் வாயிலாக நிற்கிறது. வீடு தமிழாகவே இருக்கிறது.

நம் இல்லங்களின் நிலை என்ன? 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்க் குடியிருப்பாளருள் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலம். தமிழை அவ்வாறு பேசுவோர் 2.5 விழுக்காட்டினரே. வாயிலே வீடாகிவிடுமோ என்னும் அச்சம் நமக்கு உண்டு.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தொகுப்பின் ஒரு பாடலை வகுப்பில் ஒலிக்கச் செய்யுங்கள். மாணவர் கையில் நூலும் இருக்கட்டும். இசை நீளுமிடத்தில் சொல் எங்கே பிரிகிறது என்று கேளுங்கள். முதலில் பதம் பிரிக்கட்டும். பின்னர்ப் பொருள் சொல்லட்டும். இசை சொல்லை நினைவில் நிறுத்தும். அதன் பொருளை விளக்குவது நம் கடமை.