நிலவு தங்கும் கழனிகள்

ஜப்பான் நாட்டில் மலை மிகுதி, சமவெளி அரிது. ஆதலின் அந்நாட்டு உழவர் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, கல்லாலும் மண்ணாலும் கரை கட்டி, நெல் விளைத்தனர். இவ்வயல்களுக்குத் 'தனடா' என்று பெயர். தட்டு வயல் என்று பொருள் கொள்ளலாம்.

நாகானோ மாகாணத்து ஒபசுத்தே மலைச்சரிவு நிலவுக்குப் பேர்போனது. கவிஞர் பாஷோ 1688-ஆம் ஆண்டில் அந்நிலவைக் காணவே பயணம் மேற்கொண்டார். 1853-இல் ஓவியர் ஹிரோஷிகே வரைந்த படத்திலோ வயலுக்கொரு நிலவு மிதக்கின்றது! ஒளியியல் கற்கும் மாணவர்களே, நீங்கள் இதனை ஒப்ப மாட்டீர்கள். ஓரிடத்தில் நிற்பவனுக்கு ஒரு நிலவே தெரியும். அவன் நடந்தால் அது வயலுக்கு வயல் தாவும். நடந்து கண்டவற்றையெல்லாம் ஓவியர் ஒரே தாளில் சேர்த்துவிட்டார் என்றே நான் கருதுகிறேன்.

நிலவு தெரிய நீர் நிற்க வேண்டும். சரிவில் நீரை நிறுத்துவது எளிதன்று. உழவர் ஆண்டுதோறும் சேற்றைக் கலக்குவர். நுண்ணிய களிமண் அடியில் படிந்து கசிவை அடைக்கும். வரப்பின் உட்புறத்திலும் சேறு பூசுவர். ஓராண்டு விட்டுவிட்டாலோ மண் காய்ந்து வெடிக்கும். அகழெலி வளை தோண்டும். அவற்றில் இறங்கும் மழைநீர் கரையையே சரித்துவிடும். மேல்வயலைக் கைவிட்டால் கீழ்வயலுக்கும் கேடு. படம் எடுக்க வருவோர் நடவுக் காலத்தில் வருகின்றனர். இவ்வேலையோ அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

மியே மாகாணத்து மருயாமா என்னும் சிற்றூரில் 1601-ஆம் ஆண்டில் 2240 வயல்கள் இருந்ததாகப் பதிவு உண்டு. அரிசி தேவைக்கு மிஞ்சவே, 1970 முதல் அரசு நெல் சாகுபடியைக் குறைக்கச் செய்தது. இளைஞர் நகரங்களுக்குச் சென்றனர், முதியோர் எஞ்சினர். 1990-களின் தொடக்கத்தில் மருயாமாவில் ஏறத்தாழ 530 வயல்களே மிஞ்சின. 1993-இல் ஊரார் பாதுகாப்புச் சங்கம் அமைத்தனர்; புதர் அகற்றிக் கல் அடுக்கி, ஏறத்தாழ 1340 வயல்களாக உயர்த்தினர். நகரத்தார் கட்டணம் செலுத்தி வயலில் பங்கேற்று, நடவுக்கும் அறுப்புக்கும் வந்து, அரிசி பெற்றுச் செல்லும் ஏற்பாடும் துணை நின்றது.

நோட்டோ தீபகற்பத்தின் ஷிரோயோனேயில் 1004 சிறு வயல்கள் கடல்வரை இறங்குகின்றன. பரப்போ ஏறத்தாழ 4 ஹெக்டேர்தான். 2024 ஜனவரி 1-ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கம் அவற்றைப் பிளந்தது. வீடிழந்து அயலூர்களில் தங்கியிருந்த உழவரும் திரும்பி வந்து வெடிப்புகளை அடைத்தனர். அவ்வாண்டு மே மாதத்தில் ஏறத்தாழ 120 வயல்களில் நாற்று நட்டனர். செப்டம்பரில் பெருமழை கொட்டி மீண்டும் சேதம் விளைத்தது. மறு ஆண்டு வசந்தத்தில் அவர்கள் மறுபடியும் வரப்புக்குச் சேறு பூசினர்; முந்தைய ஆண்டினும் மிகுதியான வயல்களில் நீர் நின்றது.