கோடை முகாமில் ஒரு கருத்துப் போர்



நடிப்பை ஒரு கோடையில் கற்பிக்கலாகுமா என ஐயுறுவோர் அமெரிக்காவின் குரூப் தியேட்டர் வரலாற்றை நோக்குதல் வேண்டும். 1931-ஆம் ஆண்டுக் கோடையில், கனெக்டிகட் மாநிலத்துப் புரூக்ஃபீல்டில் 28 நடிகர்கள் கூடி வாழ்ந்தனர். வழிநடத்திய ஹெரால்ட் கிளர்மன், செரில் கிராஃபோர்ட், லீ ஸ்ட்ராஸ்பெர்க் ஆகிய மூவரும் மேடைத் தொழிலர், ஏட்டறிவினர் மட்டுமல்லர். பால் கிரீனின் நாடகத்தை ஒத்திகை பார்த்தபடியே பயிற்சியும் நடந்தது.

நடிகர் தாம் பட்ட துயரை நினைவில் மீட்டுப் பாத்திரத்துக்கு ஊட்ட வேண்டும் என்பது ஸ்ட்ராஸ்பெர்க்கின் முறை. பலன் உண்டு, ஆயினும் ஆறாத புண்ணை நாள்தோறும் கிளறினால் எத்தனை நாள் தாங்கும்? 1934-இல் ஸ்டெல்லா ஆட்லர் பாரிசில் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியிடமே பயின்று வந்தார். அவ்வாண்டுக் கோடையில் எல்லன்வில் முகாமில், அந்த ஆசான் முதன்மை தருவது நாடகம் தரும் சூழ்நிலைக்கே என்று அறிவித்தார். ஸ்ட்ராஸ்பெர்க் உடன்படவில்லை. பிணக்கு முற்றியது.

யான் ஆட்லர் பக்கமே. அகப்பாட்டுக்குத் துறை வகுத்த மரபினர்க்கு இது வியப்பன்று. தலைவியின் ஆற்றாமையைப் பாடிய புலவர் தம் சொந்தப் பிரிவைத் தோண்டினார் என்று நாம் கொள்வதில்லை. சூழலே அவர்க்குச் சொல் தந்தது.

அக்குழுவில் சிறு வேடங்களே பெற்றுவந்த கிளிஃபர்ட் ஓடெட்ஸ், 1935-இல் நாடகாசிரியராகப் புகழ் பெற்றார்.