பூட்டுப் போடுற படிப்பு

(பாளையம்பட்டியில் மாலை வகுப்புப் பிள்ளைகளிடமும் அவர்களைப் பெற்றவர்களிடமும் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, பெரியவங்களே, கரிமூட்டத்துல இருந்து நேரா வந்து உட்கார்ந்திருக்கிற அத்தைமார்களே,

'நீ என்ன படிச்சேன்னு எங்களுக்கு விளங்குற மாதிரி சொல்லு' என்றுதான் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். எங்கம்மா இரண்டு வருசமா கேட்கிறவங்ககிட்டயெல்லாம் 'எம்மக கம்ப்யூட்டருக்குப் பூட்டுப் போடுற படிப்பு படிக்குது' என்று சொல்லிவருது. தப்பில்லை. முதுகலையில் சைபர் பாதுகாப்பு என்று நான் படித்தது பூட்டைப் பற்றித்தான். ஆனால் சாவி யார் மடியில் இருக்கிறது என்ற கேள்வியை விட்டுவிட்டால் அது வெறும் கொல்லுப்பட்டறைப் பாடம்.

முதல் வாரமே மூன்று சொல் சொல்லித்தருவார்கள். ரகசியம் காப்பது. திரிக்காமல் காப்பது. வேண்டிய நேரத்தில் கிடைக்கச் செய்வது. இந்த மூன்றும்தான் அடிப்படை. மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

திரிக்காமல் காப்பதை எடுத்துக்குவோம். ஒரு கோப்பை எடுத்து ஹாஷ் என்ற கணக்கைப் போட்டால் ஒரு நீண்ட எண் வரும். கோப்புக்கு ரேகை மாதிரி. உள்ளே ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் எண் அடியோடு மாறிப்போகும். இதைப் பரீட்சைக்காகத்தான் நானும் படித்தேன். அதன் கனம் புரிந்தது பீமா கோரேகான் வழக்கைப் படித்தபோதுதான்.

1818இல் பேஷ்வா படையை எதிர்த்து மகர் வீரர்கள் நின்ற இடம் அது. 200ஆம் ஆண்டு நினைவுக்குக் கூடிய நம் மக்கள் 2018 ஜனவரி 1ஆம் தேதி தாக்கப்பட்டார்கள். அதையொட்டிப் போட்ட ஒரு வழக்கில் எழுத்தாளர்கள், வக்கீல்கள், பேராசிரியர்கள் என்று 16 பேரைச் சிறையில் அடைத்தார்கள். பெரிய சாட்சியம் என்று காட்டியது கம்ப்யூட்டரில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட கடிதங்கள். ரோனா வில்சனின் கம்ப்யூட்டர் நகலை அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் ஆராய்ந்து 2021 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. 2016 ஜூன் 13 அன்று, தெரிந்தவர் பெயரில் வந்த மெயிலில் இருந்த ஒரு கோப்பை அவர் திறந்திருக்கிறார். நெட்வயர் என்ற உளவு நிரல் அதன் வழியாக உள்ளே உட்கார்ந்துவிட்டது. பிறகு ஒளித்து வைத்த ஒரு ஃபோல்டரில் கடிதங்களை வெளியில் இருந்தே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்கிறது அறிக்கை. அவர் வைத்திருந்தது 2007 வேர்டு. கடிதங்கள் தயாரானதோ அதற்குப் பிந்திய வேர்டில். அவற்றை அவர் ஒருமுறை திறந்ததற்குக்கூடத் தடயமில்லை. நாகபுரி வக்கீல் சுரேந்திர காட்லிங் கம்ப்யூட்டரிலும் இதே கதை. நம்ம திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்டில் ஆதிவாசிகளோடு வாழ்ந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமியின் கம்ப்யூட்டரில் 2014இலேயே ஊடுருவல் தொடங்கிவிட்டதாக 2022 டிசம்பரில் அறிக்கை வந்தது. அந்த 84 வயசுப் பெரியவர் காவலில் இருந்தபடியே 2021 ஜூலை 5ஆம் தேதி இறந்துபோயிருந்தார்.

இந்த அறிக்கைகளைத் தேசியப் புலனாய்வு முகமை ஏற்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இப்படிக் கேள்வி கேட்கவே படித்த ஆள் வேண்டும் இல்லையா? 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் எண்ணை எழுத வேண்டும். நம்ம பையன் போனைப் பிடுங்கிக்கிட்டுப் போனால் 'ரேகை எண்ணை எழுதிக் குடுங்க' என்று வக்கீலை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

கோப்பின் ரேகை தேயாது. எங்கம்மா ரேகை தேஞ்சுபோச்சு. சீமைக்கருவேலம் வெட்டி, மூட்டம் போட்டு, கரி அள்ளின விரல். 2020 அக்டோபரில் ரேஷன் கடைகளுக்கு ரேகை மிஷின் வந்தது. எந்தக் கடை என்பது வேண்டாம், மூணு நாள் நடந்தும் மிஷின் எங்கம்மாவை 'நீ அவள் இல்லை' என்றது. 1975இல் சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இருவர் எழுதிய எட்டுக் கோட்பாடுகள் எங்களுக்கு அரிச்சுவடி. சந்தேகம் வந்தால் கதவைச் சாத்து என்பது அதில் ஒன்று. பேங்க் பெட்டகத்துக்குச் சரி. அரிசி மூட்டைக்கு? வேண்டிய நேரத்தில் கிடைப்பதும் பாதுகாப்புதான் என்று அதே பாடம் சொல்கிறதே. வகுப்பில் இதைக் கேட்டேன். 'சிலபஸில் இல்லை' என்றார்கள். பின்னால் ஓடிபி மாதிரி மாற்று வழி வந்தது. அம்மாவுக்கு அது பக்கத்து வீட்டுப் பிள்ளை படித்துச் சொல்ல வேண்டிய எண்.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. பூட்டின் அமைப்பு எதிரிக்கே தெரிந்தாலும் பரவாயில்லை, சாவி மட்டும் பத்திரமாக இருக்கட்டும் என்று 1883இலேயே கெர்க்காஃப்ஸ் எழுதிவிட்டார். ஒளித்து வைத்தால்தான் பிழைக்கும் என்றால் அது பூட்டே இல்லை. வேதம் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று எழுதிவைத்தவர்களை நினைத்து லேப்பில் தனியா உட்கார்ந்து சிரிச்சேன்.

யார் படிக்கலாம் என்று தம்பி ஒருத்தன் சீட்டு அனுப்பியிருக்கான். பி.எஸ்சி., பி.ஈ. எதிலிருந்தும் வரலாம். சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே சைபர் தடயவியல் எம்.எஸ்சி. நடத்தியிருக்காங்க. எம்.ஈ.க்கு கேட் தேர்வு எழுதித் தேறினால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. என்பிடிஇஎல்லில் ஐ.ஐ.டி. பாடங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். போன் போதும்.

கடைசியா ஒன்று. தேவைப்படுகிறவனுக்கு மட்டும், தேவையான அளவு மட்டும் திறந்துவிடு என்பதும் அந்த எட்டில் ஒன்று. அதை நடத்தின அதே வாரம், உதவித்தொகை லிஸ்ட்டை எங்க வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். பேர், சாதி, ஆதார், வங்கிக் கணக்கு எண், எல்லாம். கல்லூரி பெயர் வேண்டாம். அதுவரை எங்கூட ஒரே தட்டில் சாப்பிட்டவள் மறுநாள் தனியா டிபன் பாக்ஸைத் திறந்தாள். நான் துறைக்கு மனு எழுதினேன். புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றம் சொன்னதை எழுதினேன். 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை எழுதினேன். மூணாம் பக்கத்தில் அவங்க நடத்தின பாடத்தையே எழுதினேன். அன்னிக்கு ராத்திரியே லிஸ்ட்டை அழிச்சிட்டாங்க. அதற்குள் எத்தனை போனில் இறங்கிச்சோ. அந்த மனுவின் நகல் இங்கே இருக்கு. அடுத்த வருசம் காலேஜ் போற பிள்ளைங்க ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க.