காயம் யார் கணக்கில்?



வயலில் அடிபட்ட கூலித் தொழிலாளிக்குச் சட்டப்படி இழப்பீடு உண்டா என்று கேட்டால், பலரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். ஆலையில் வேலை செய்பவருக்கு ஈஎஸ்ஐ இருக்கிறது, காட்டு வேலைக்குப் போகிறவருக்கு என்ன இருக்கிறது என்பார்கள். உரிமை இருக்கிறது. 1923ஆம் ஆண்டிலேயே இங்கே தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது. அதன் பட்டியலில் பனையேறுதல், டிராக்டர் உழவு, பூச்சிமருந்து தெளிப்பு, இயந்திர அறுவடை, கதிரடிப்பு எல்லாம் இடம்பெற்றன. யானை பிடிக்கப் போகிறவர்கூட அதில் உண்டு! இப்போது அந்தச் சட்டம் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய், 2025 நவம்பர் 21 முதல் அந்தத் தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது.

அப்படியானால் குறை எங்கே? கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாற்பது வயதுத் தொழிலாளி ஒருவர், மாதம் 8,000 ரூபாய் கூலி பெறுபவர், மருந்தடிக்கும்போது மயங்கி விழுந்து இறந்துவிடுகிறார். அவருடைய மாத ஊதியத்தில் பாதியை, அவர் வயதுக்கு உரிய 184.17 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். 7,36,680 ரூபாய் வருகிறது. இந்தத் தொகையைத் தர வேண்டியவர் அவரை வேலைக்குக் கூப்பிட்டவர்.

கூப்பிட்டவர் யார்? ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி. அவரே நகையை அடகு வைத்து உரம் வாங்கியிருப்பார். ஏழரை லட்சத்துக்கு எங்கே போவார்? கொடுக்கத் தவறினால் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கலாம் என்று 1923 சட்டம் சொன்னது. அடிபட்டவர் குடும்பத்துக்கும் இது தெரியும். நாளைக்கும் அதே வரப்பில்தானே வேலைக்குப் போக வேண்டும்? ஊரில் நாலு பேர் உட்கார்ந்து பேசி, ஒரு தொகையைக் கையில் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். மனு அலுவலகம்வரை போவதே இல்லை.

காப்பீடு இல்லாத பொறுப்பு இப்படித்தான் முடியும். சட்டத்தை வயல்வரை நீட்டியவர்கள் காப்பீட்டை அங்கே நீட்டவில்லை. டிராக்டருக்குக் காப்பீடு உண்டே என்பீர்கள். ஓட்டுநருக்கு அது உதவும். நடவுக்குப் போகும் பெண்கள் ட்ரெய்லரில் நின்றுகொண்டு போகிறார்கள், ஆண்கள் மட்கார்டில் உட்கார்ந்து போகிறார்கள். வண்டி கவிழ்ந்தால், அது ஆள் ஏற்றும் வண்டி அல்ல, அவர்களுக்கு இருக்கையும் இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் வழக்காடுகிறது.

வயலையும் ஆலையையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பது புதிய யோசனை அல்ல. ஜெர்மனி 1884இல் ஆலைத் தொழிலாளருக்கு விபத்துக் காப்பீடு கொண்டுவந்தது, 1886இலேயே அதை விவசாயத்துக்கும் விரித்தது. 1921இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு இரண்டு உடன்படிக்கைகளை நிறைவேற்றியது. விவசாயத் தொழிலாளருக்குச் சங்கம் சேரும் உரிமை ஒன்று. விபத்து இழப்பீட்டில் மற்றவர்களுக்குச் சமமான நிலை இன்னொன்று. முதலாவதை இந்தியா 1923இல் ஏற்றது. இரண்டாவதை இன்றுவரை ஏற்கவில்லை.

1948ஆம் ஆண்டின் ஈஎஸ்ஐ சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. ஆலை, வணிகம், விவசாயம் என எந்த நிறுவனத்துக்கும் அரசு இத்திட்டத்தை நீட்டலாம் என்று அதில் எழுதியே வைத்திருந்தார்கள். ஆனால் ஈஎஸ்ஐ ஒரே முதலாளியிடம் பத்துப் பேராவது வேலை பார்க்கும் இடத்துக்கென்று வளர்ந்த திட்டம். திங்கள்கிழமை ஒருவர் வயலில் களையெடுத்து, செவ்வாய்க்கிழமை இன்னொருவர் வயலில் கட்டுக் கட்டுபவருக்கு எந்த முதலாளி சந்தா கட்டுவார்?

நிவாரணத் திட்டங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. தமிழ்நாட்டில் உழவர் பாதுகாப்புத் திட்டம் உண்டு. நிலமற்ற விவசாயத் தொழிலாளர் விபத்தில் இறந்தால் தரும் தொகையை 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கை ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாக உயர்த்தியது. ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா காப்பீடு இறப்புக்கு இரண்டு லட்சம் தருகிறது, ஒரு கை முழுவதும் செயலிழந்தால் ஒரு லட்சம். இரண்டு விரல் போனவருக்கு? பாம்பு கடித்துப் பிழைத்து, இரண்டு மாதம் வேலைக்குப் போக முடியாதவருக்கு? அதில் ஒன்றும் இல்லை. ஈஎஸ்ஐ இருந்தால் அந்த இரண்டு மாதமும் ஊதியத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு கிடைத்திருக்கும். இழந்த கூலியைத் தராத ஒன்றை விபத்துக் காப்பீடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சந்தாவை முதலாளியிடம் தேடுவதை விட்டு, விளைச்சலிடம் தேடலாம். கட்டடத் தொழிலாளரும் இப்படி இடம் மாறி வேலை செய்பவர்களே. அவர்களுக்காகக் கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒன்று தீர்வையாக வசூலாகிறது. நெல்லும் பருத்தியும் மஞ்சளும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் வழியாகப் போகும்போது, வாங்கும் வணிகரிடம் சந்தைக் கட்டணம் ஏற்கெனவே வசூலிக்கிறார்கள். அதோடு சிறு தொகை சேர்க்கலாம். பூச்சிமருந்து விற்கும் கம்பெனியும் தன் பங்கைக் கொடுக்கட்டும். தென்னை ஏறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியம் காப்பீடு நடத்துகிறது, பிரீமியத்தில் பெரும்பங்கை வாரியமே ஏற்கிறது. தேங்காய்க்கு முடிவது நெல்லுக்கு முடியாதா?

அதுவரைக்கும் ஒன்று செய்யலாம். வயலில் அடிபட்டால் அரசு மருத்துவமனைக்கே போங்கள். எந்த வேலையில், யார் வயலில் அடிபட்டது என்பதைச் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். 'ஏ.ஆர். காப்பி' என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் திட்டத்தில் மனுப் போட்டாலும், தொழிலாளர் துறையில் இழப்பீடு கேட்டாலும், முதலில் அந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.