கடைசிக் கேள்வி வீட்டாரிடம்

ஆலங்குளம் வழியாகத் தென்காசிக்கும் நெல்லைக்கும் பைக்கில் பறக்கிறவர்களுக்கு இன்று உறுப்பு தானம் பற்றி ஒரு தகவல். விபத்தில் அடிபட்டவருக்கு மூளைச்சாவு என்று ஒரே டாக்டர் தனியாக முடிவு சொல்லிவிட முடியாது. 1994-ஆம் ஆண்டு சட்டப்படி நான்கு டாக்டர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துக் கையெழுத்திட வேண்டும். உறுப்பைப் பொருத்தும் குழுவினர் அதில் இருக்கக் கூடாது. 'உறுப்புக்காகவே கதையை முடித்துவிடுவார்களோ' என்ற டீக்கடைப் பயத்துக்கு இதுதான் பதில்.

2023 செப்டம்பர் 23-இல் தமிழக முதல்வர் அறிவித்தபின், உறுப்பு தந்தவருக்கு அரசு மரியாதையோடு இறுதிச்சடங்கு. நல்ல காரியம். ஆனால் அந்த மரியாதையைச் சொல்லி, ஐ.சி.யூ. வாசலில் அழுகிறவர்களிடம் சம்மதம் கேட்பது முறையா? எனக்கு ஒப்பவில்லை.

தான அட்டை பர்சில் இருந்தாலும், நடைமுறையில் வீட்டார் சம்மதித்தால்தான் உறுப்பை எடுப்பார்கள். இன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் பேசிவிடுங்கள்.